ஒன்பது மணிப் பொத்தான்

திங்கட்கிழமை ரிமோட் கீழே விழுந்தது. அன்றைக்கு அது விழுவது மூன்றாவது தடவை, அதனால் நான் உடனே எழுந்து ஓடவில்லை. கையில் இருந்த தலையணை உறையின் ஓரத்தை அடித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தபோது பாட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், கட்டிலில் என் வீட்டுக்காரர் முகம் சுவர்ப் பக்கம். எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்து அவர் கையில் வைத்தேன். அழுத்தினார். டிவி அசையவில்லை. பாட்டரியை உருட்டிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், புது பாட்டரி போட்டும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. எழுந்து போய் டிவியில் இருக்கிற பொத்தானை அழுத்திவிட்டு வந்து உட்காருவார்கள். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் கூடவே போய்விட்டது. நாம் பேசுவது புரியும். எல்லாம் புரியும், தேவைக்கு மேலேயே புரியும். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு முனகல்தான் வரும், அது அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. மிச்சம் இருப்பது இடது கை. அதிலும் கட்டைவிரல்தான் சொன்னபடி கேட்கும். அந்த ஒரு விரலையும் ரிமோட்டையும் வைத்துக்கொண்டு மனுஷர் ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, தானாக வந்து அமைந்த ஏற்பாடு அது. டிவி சத்தத்தைக் கூட்டினால் 'ஏதோ வேண்டும், வா' என்று அர்த்தம். நான் முன்னறையில் மெஷினில் இருப்பேன். சத்தம் வீடு அதிரக் கிளம்பியதும் எழுந்து போய், தண்ணியா, புரட்டிப் படுக்க வைக்கணுமா, மூத்திரப் பாத்திரம் வேணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். வேண்டியது வந்ததும் கண்ணை மூடித் திறப்பார். நடுராத்திரியிலும் இதே கதைதான். டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றுவார், தூக்கி வாரிப் போட எழுந்திருப்பேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். முன்னால் போகிற சைக்கிள் நகரும்வரை கையை எடுக்க மாட்டாராம். அந்தப் பழக்கத்தை எல்லாம் இப்போது என் மேல் காட்டிக்கொண்டிருந்தார்.

சத்தத்தை அடியோடு நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதற்கு 'போதும், வாயை மூடு' என்று அர்த்தம். நான் இடுப்பு வலியைப் பற்றியோ உறைகளுக்கு அவசரப்படுத்தும் கடைக்காரரைப் பற்றியோ புலம்ப ஆரம்பித்தால், டிவியில் செய்தி வாசிக்கிறவள் வாயை மட்டும் அசைப்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வராத நாட்களும் உண்டு.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற சிவப்புப் பொத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு அதை அழுத்தி டிவியை அணைப்பார். 'இன்றைக்கு இவ்வளவுதான், போய்ப் படு' என்று அர்த்தம். அவர் கட்டிலில் இருந்து பார்த்தால் கதவு வழியாக என் முதுகு தெரியும். நான் இன்னும் ஒரு உறை, இன்னும் ஒரே ஒரு உறை என்று உட்கார்ந்திருந்தால் விடமாட்டார். நான் மெஷினை மூடுகிறவரை டிவியைப் போடுவார், அணைப்பார், போடுவார், அணைப்பார். வண்டியை டிப்போவில் விட்டாச்சு என்றால் விட்டாச்சுதான் என்கிற ஜாதி அவர். அந்தப் பொத்தானில் சிவப்பெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.

மகள் வேறு ஊரில் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஆரம்பத்தில் ஓர் அழைப்பு மணி வாங்கி அனுப்பினாள். அதை அவர் ஒரே தள்ளில் கட்டிலுக்கு அடியில் அனுப்பினார். நோயாளிதான் மணி அடிப்பான், வீட்டுத் தலைவன் ரிமோட் வைத்திருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ. எல்லா டிவிக்கும் ஆகும் என்று சொல்லி ஒரு புது ரிமோட்டும் வாங்கிப் பார்த்தோம். எங்கள் பழைய டிவி அதைச் சீந்தக்கூட இல்லை. அதனால் எங்களுக்கு இருந்தது இந்த ஒன்றுதான். அது போய்விட்டால் அவருக்கு இரண்டாவது முறையாகப் பேச்சுப் போனதாக அர்த்தம். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான் பின்னால் செய்ததெல்லாம் செய்தேன்.

ரிமோட்டைத் திறப்பது எனக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக இருபத்திரண்டு வருஷம் ரேடியோ, கால்குலேட்டர், பிறகு ரிமோட் என்று செய்கிற தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வரிசையில் உட்கார்ந்தவள் நான். பாட்டரிக்கு அடியில் ஒளிந்திருக்கிற திருகைக் கழற்றி, பக்கவாட்டு இடுக்கில் பழைய கத்தியைச் செருகி நெம்பினேன். முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு கண்ணாடி நிற பல்பு இருக்கும், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டு கால். அதிலிருந்து வருகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, டிவிக்கு மட்டும்தான் தெரியும். அந்த பல்பின் ஒரு கால் வேரோடு முறிந்திருந்தது. ஒட்டவைக்க வழியில்லை. புதிதுதான் போட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்கு எல்லாம் முடித்துவிட்டு, ஸ்பேர் சாமான் கடைக்கு நடந்து போனேன். கடைக்காரர் ஒரு பல்பு கேட்டதற்கு இரண்டு எடுத்துக் காகிதத்தில் மடித்தார். நீளமான கால் ப்ளஸ், குட்டைக் கால் மைனஸ், மாற்றிப் போட்டால் எரியாது, யாராவது தெரிந்த ஆளை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பாடம் நடத்தினார். தெரிந்த ஆள் உங்கள் எதிரில்தான் நிற்கிறாள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைத் தையல் மெஷின் பக்கத்தில் இருக்கிற சட்டைப் பொத்தான் டப்பாவில் போட்டேன். மத்தியானம் போடலாம் என்று நினைத்தேன். மத்தியானம், சாயங்காலம் என்று ஆனது. சாயங்காலம், நாளைக்கு என்று ஆனது.

சொல்வதற்கு என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன். வீடு அமைதியாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு உறையை ஆரம்பித்து, நடுவில் எழுந்திருக்காமல், அதே உறையை முடித்தேன். காலையில் டிவியைப் பின்பக்கப் பொத்தானை அழுத்தி நானே போடுவேன், சத்தத்தை எனக்குப் பிடித்த அளவுக்கு வைப்பேன், எனக்குத் தோன்றியபோது அணைப்பேன். சாப்பாடு, மருந்து, துடைப்பது எல்லாம் நேரத்துக்கு நடந்தது, அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கூப்பிட ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி விடியும்வரை தூங்கினேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினேன். விழித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கம் ருசி கண்டுவிட்டால் அப்புறம் சின்னச் சின்னது எல்லாம் உறுத்தும். நான் அதே அறையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில் போட்டுப் படுப்பேன். டிவியை அணைத்தாலும் அதன் கீழ் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு வருஷமாக அது என் கண்ணில் பட்டதே இல்லை. படுத்தால் கட்டை மாதிரி விழுந்துவிடுவேன். புதன்கிழமை அது கண்ணைக் குத்தியது. எழுந்து, அவருடைய பழைய சாமான் பெட்டியில் இருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து அந்த விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டினேன். கறுப்பு டிவியில் கறுப்பு டேப். புள்ளி மறைந்தது. நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த நாள் காலையில் அப்படி ஒன்று ஒட்டியதே எனக்கு நினைவில்லை.

இப்படியே வியாழன், வெள்ளி, சனி போயிற்று. அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கஞ்சி கொடுத்தால் வாயைத் திறப்பார், துடைத்தால் கையைத் தூக்குவார், முகம் கொடுப்பதில்லை. கோபமாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். எனக்கு மட்டும் கோபப்பட விஷயம் இல்லையா என்ன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷினை நிறுத்தி நூல் மாற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ உராய்வது கேட்டது. போய்ப் பார்த்தேன். பாதி உடம்பு கட்டிலை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை டிவியைப் பார்த்து நீண்டிருந்தது. இன்னும் நாலு விரல் நகர்ந்திருந்தால் தலை தரையில்தான். ஓடிப் பிடித்துத் தூக்கி மேலே இழுத்தேன். எனக்கு எங்கிருந்து அந்த பலம் வந்தது என்று தெரியவில்லை. விரிப்பு நனைந்திருந்தது. நனைந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், ஓரமெல்லாம் காய ஆரம்பித்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். முனகிப் பார்த்திருக்கிறார். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில், டிவி வரைக்கும் போய்விட்டால் சத்தத்தைக் கூட்டலாம் என்று கிளம்பியிருக்கிறார்.

விரிப்பை மாற்றினேன், உடம்பைத் துடைத்தேன், வேறு சட்டை போட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அழவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. கை கழுவிவிட்டு நேராகப் போய் பொத்தான் டப்பாவைத் திறந்தேன்.

சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பழைய ஈயத்தை உருக்கி முறிந்த பல்பை எடுத்தேன். துளைகளைச் சுத்தம் செய்தேன். புது பல்பின் நீளக் கால் ப்ளஸ்சில், குட்டைக் கால் மைனஸில். மூக்குத் துளை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும்படி கால்களை வளைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் இப்படி நூறு வைப்பேன். இப்போது இரண்டு சொட்டுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நல்ல சொட்டு. பார்த்தாலே தெரியும், பளபளவென்று, கூம்பி நிற்கும்.

மூடி, பாட்டரி போட்டு, டிவிக்கு எதிரே நின்று அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கிட்டப் போய் அழுத்தினேன். எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். கட்டிலில் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையில் எங்கள் வரிசைக்கும் சோதனை மேசைக்கும் நடுவில் ஒரு மங்கல் கண்ணாடித் தடுப்பு இருந்தது. நாங்கள் பற்றவைத்த சர்க்யூட் பலகை பெல்ட்டில் அந்தப் பக்கம் போய்விடும். அது வேலை செய்கிறதா இல்லையா என்று அங்கே இருக்கிற பெண்தான் பார்ப்பாள். நல்ல பலகை போனது போனதுதான், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கெட்டது மட்டும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திரும்பி வரும். திரும்பி வந்தால் தப்பு பற்றவைத்தவள் மேல். வேறு கேள்வியே கிடையாது. பார்ட்ஸ் கெட்டிருக்கலாம், சோதிக்கிற மெஷினே கெட்டிருக்கலாம் என்றெல்லாம் வாயைத் திறக்க முடியாது. பலகையை வாங்கி, தலையைக் குனிந்து, மறுபடியும் பற்றவைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் என் கை வேலை எரிந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எரியாதபோது மட்டும்தான் என்னிடம் வந்தது.

அதனால் நான் டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புச் சீட்டு வந்துவிட்டது, தப்பு என் கையில். திறந்தேன். பார்க்க நன்றாக இருந்த அந்த இரண்டு சொட்டையும் உருக்கி எடுத்தேன். கடைக்காரர் கொடுத்த இரண்டாவது பல்பைப் போட்டேன். இந்த முறை ஒரு விரலைச் சுட்டுக்கொண்டேன். மூடினேன். அழுத்தினேன். டிவி வாயைத் திறக்கவில்லை.

என் கை போய்விட்டது என்று முடிவுக்கு வந்தேன். கண் போயிற்று, இடுப்பு போயிற்று, இப்போது கையும் போயிற்று. ரிமோட்டை அவர் கையில் வைத்து, இடது தொடைக்குப் பக்கத்தில் அந்தக் கையைச் சரி செய்தேன். "நான் போட்டேன். எரியல. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்," என்று சொன்னேன். குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி எழுந்து போய்ப் பார்ப்பேன். தண்ணியா, புரட்டணுமா, பாத்திரமா. எதற்கும் கண்ணை மூடித் திறக்க மாட்டார். திரும்பி வந்து உட்காருவேன், விட்ட இடம் மறந்துபோகும், பிரித்துத் தைப்பேன். தைக்க வாங்கி வைத்த உறைகள் குவிந்துவிட்டன. திங்கட்கிழமை எத்தனை மணிவரை மெஷினில் இருந்தேன் என்று தெரியாது. ஒன்பது மணி என்று ஒன்று இந்த வீட்டில் இருந்ததே மறந்துவிட்டது. தைத்துக்கொண்டே தூங்கி, ஊசி நகத்தை உரசி விழித்தேன். போய்ப் பார்த்தால் அவர் தூங்கவில்லை. ரிமோட்டை டிவியைப் பார்த்து நீட்டிப் பிடித்தபடி, விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். "அது எரியாதுங்க. விடுங்க," என்று சொல்லிவிட்டு, டிவியை நானே அணைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்கு ஷிப்ட் நடுவில் கிடைக்கிற இடைவேளை அது. என் முகத்தைப் பார்த்ததும் என்னம்மா இப்படி ஆயிட்ட என்று ஆரம்பித்தாள். நான் பேச்சை மாற்ற, அப்பாவைப் பார் என்று டிவி பக்கமாகப் போய் நின்று, அவருக்கு அவள் முகம் தெரியும்படி போனைத் திருப்பிப் பிடித்தேன். டிவியில் காலையில் நான் போட்டுவிட்ட ஏதோ ஒரு நிகழ்ச்சி மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனையும் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ரிமோட்.

அப்பாவிடம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, அப்பா கையில என்னமோ மின்னுதே, என்னது அது?"

ஒன்றும் இல்லையே, ரிமோட்தான், அதுவும் கெட்டுப்போனது என்றேன்.

"இல்லம்மா, ஊதாக் கலர்ல மின்னுது. ஒரு தடவை மின்னி நிக்குது, கொஞ்சம் கழிச்சு மறுபடி ஒரு தடவை. இப்பக்கூட."

நான் அவர் கையை உற்றுப் பார்த்தேன். ரிமோட்டின் மூக்கில் கண்ணாடி நிற பல்பு, வெறுமனே இருந்தது. உனக்குக் கண் கெட்டுப் போச்சு என்று சொன்னேன். அவள் விடவில்லை. அப்பா பக்கத்தில் போய் உட்காரு, ரிமோட்டைப் போனுக்கு நேராகக் காட்டச் சொல்லு, மூலையில் நம்ம படம் சின்னதாகத் தெரியுமே, அதில் பார் என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைத் திருப்பிப் போனுக்கு நேராகப் பிடித்தேன். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் சோர்ந்த முகம், பக்கத்தில் அவர் முகம், நடுவில் ரிமோட். அவர் அழுத்தினார். கட்டத்துக்குள் ஊதாவாக ஒன்று எரிந்து அணைந்தது. நிமிர்ந்து நேரில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தேன், எரிந்தது.

போன் கேமராவுக்கு அந்த வெளிச்சம் தெரியும் போலிருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அறுபத்தொரு வயதில் பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. என் கை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் இருந்தே எரிந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டும், அரை நிமிஷம் பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இவர் இரண்டு நாளாக ராத்திரி பகலாக அழுத்திக்கொண்டிருக்கிறார். அழுத்தியது ஒவ்வொன்றும் வெளியே வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அப்படியென்றால் தப்பு யார் பக்கம்? அப்போதுதான் டிவியைத் திரும்பிப் பார்த்தேன். கீழ் விளிம்பில், கறுப்பின் மேல் கறுப்பாக, ஒரு விரல் நீளம். சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். ரிமோட்டின் வெளிச்சம் அது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டையும் சேர்த்து என் கையாலேயே மூடி ஒட்டியிருந்தேன்.

மகளிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் என்னம்மா ஆச்சு என்று கேட்டது பாதியில் அறுந்தது.

டேப்பை நகத்தால் கிளறினேன். பசை இறுகிப்போய் நூல் நூலாக வந்தது. வெட்டுத்துணி ஒன்றை நனைத்துத் துடைத்தேன். சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் இப்போது டிவி ஓடுவதால் பச்சைப் புள்ளி எரிந்தது. பக்கத்தில் அந்த ஜன்னல், சுத்தமாக. நான் முட்டி போட்டபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவரைப் பார்க்கத் தெம்பில்லை.

"ஏங்க," என்றேன். திரும்பாமலேதான் சொன்னேன். "அந்த பல்பு அஞ்சு நாளு பொத்தான் டப்பாவுலதான் கெடந்துச்சு. நான்தான் போடல. நீங்க கூப்பிடாம இருந்தா தூங்கலாம்னு போடல. இந்த டேப்பையும் நான்தான் ஒட்டினேன். தூங்கத்தான். நனைஞ்சு கெடந்தீங்களே, அது என்னாலதான்."

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. அந்த முகத்தில் பாதி எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை.

"இப்ப அழுத்துங்க. கேக்கும்," என்றேன்.

சத்தத்தைக் கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு வாரத்துப் பாக்கி முழுவதையும் சேர்த்து, கண்ணாடி ஜன்னல் அதிர, ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். இல்லையென்றால் ஊமைப் பொத்தானை அழுத்துவார். போதும், வாயை மூடு, உன் மன்னிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்வார். அதற்கும் தயாராக இருந்தேன். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

கட்டைவிரல் நகரவே இல்லை. அது ஏற்கனவே வைத்த இடத்தில்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு தேய்ந்து வெள்ளையாகிப் போன பொத்தானில். ஒரு தடவை அழுத்தினார்.

டிவி அணைந்தது.

நான் அவர் விரலைப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை அவர் ஒருநாளும் விட்டு விட்டு அழுத்தியதில்லை, பிடித்த பிடியை விடமாட்டார். மகள் பார்த்தது ஒரு தடவை மின்னி நின்றது, கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு தடவை. நேற்று ராத்திரி முழுக்க, இன்றைக்குக் காலை முழுக்க, கதவு வழியாக என் முதுகைப் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்கும் இல்லை, பாத்திரத்துக்கும் இல்லை, இந்த மனுஷர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி நாலேகால்தான் ஆகிறது என்றேன். வெயில் இன்னும் ஜன்னலை விட்டு இறங்கவில்லை, மெஷினில் பாதி உறை அப்படியே கிடக்கிறது, இன்னும் கஞ்சி வைக்க வேண்டும் என்றேன். அவர் டிவியைப் போட்டார். அணைத்தார். போட்டார். அணைத்தார்.

முன்னறைக்குப் போய் மெஷினை மூடினேன். திரும்பி வந்து, என் கட்டிலை அவர் கட்டிலோடு ஒட்டித் தள்ளிப் போட்டுப் படுத்தேன்.